வெயில் படாத நாற்பது நாள்

கடலை மாவும் புளித்த தயிரும் கலந்த வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு எவர்சில்வர் கிண்ணம். அதில் கடலை மாவு, தயிர், கஸ்தூரி மஞ்சள், அரை மூடி எலுமிச்சை. குழைத்தவள் நான். முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் என் அக்கா. ஒரு நாள் தக்காளி, ஒரு நாள் உருளைக்கிழங்குச் சாறு, பாலாடை மிஞ்சினால் பாலாடை. அடுப்படியில் இருந்த அத்தனையும் அந்த முகத்தில் ஏறியது. எங்கள் சோற்றுக்கு மோர் மட்டும் தண்ணீராக வந்தது. இப்போது கைபேசியில் சிரித்த முகத்தோடு யாராவது "வீட்டுச் சாமான்தான், பக்கவிளைவே கிடையாது" என்றால், பக்கவிளைவு என்னவென்று நான் சொல்கிறேன் என்று சண்டைக்குப் போகத் தோன்றுகிறது.

எங்கள் ஊர் உச்சிப்புளிக்குப் பக்கம், கடல் நடந்து போகிற தூரம். அக்கா போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். அடுத்தது ஓட்டம். இராமநாதபுரம் மைதானத்தில் நாள் முழுக்க வெயிலில் காத்திருந்து, கூப்பிடும்போது ஓட வேண்டும். அதற்காக விடிகாலையில், அலை நனைத்து இறுகிய மணலில் ஓடிப் பழகினாள். ஓடி முடித்து, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்க நிற்பாளே, அப்போது அவள் முகத்தில் இருந்த மினுமினுப்பை எந்தத் தயிரும் கொண்டுவந்ததில்லை.

அந்த நேரத்தில்தான் முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. ஆடி கழிந்து பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். நாற்பது நாள் இருந்தது. அம்மாவுக்கு அது போதும். "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று ஊரார் பிள்ளைகளைப் பற்றிச் சொன்ன அதே வாய், "வெயில் படக் கூடாது, உப்புக் காத்து படக் கூடாது. வாசலத் தாண்டுனா காலை ஒடிச்சுருவேன்" என்றது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சாம். எங்கள் வீட்டுக் காக்கை குஞ்சுக்கு மாவு பூசியது. மாப்பிள்ளையின் போட்டோவும் வந்தது. அவர் எங்கள் இரண்டு பேரையும் விடக் கறுப்பு. அவர் முகத்துக்கு என்ன பூசுகிறார்கள் என்று கேட்டேன். "ஆம்பளைக்கு என்னடி?" என்று தலையில் ஒரு குட்டு விழுந்தது.

ஓட்டத் தேர்வு, அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அமைந்தது. "ஒரு நாள்தானம்மா, போயிட்டு வந்துர்றேன்" என்று அக்கா கெஞ்சினாள். "ஒரு நாள் வெயில்ல நாப்பது நாள் பூசுனது அம்புட்டும் போயிரும்" என்றாள் அம்மா. எங்களைப் பெற்ற அய்யா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குக் கிளம்பினார். சங்கடமான நேரங்களில் அவருக்கு எப்போதும் கடைத்தெருவில் வேலை இருக்கும்.

தேர்வு நாளன்று விடியுமுன் அக்கா என்னை எழுப்பி, "கோயிலுக்குப் போயிருக்கான்னு சொல்லு, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் பையோடு போனாள். அம்மா எழுந்து கேட்டாள். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு பொய் வரவில்லை. நேர்மையெல்லாம் இல்லை, பயம். "பஸ்ஸுக்குப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டேன். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஓடியது அவள் ஒருத்திதான்.

அக்கா அம்மாவோடு திரும்பி வந்து, பையை ஆணியில் மாட்டிவிட்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. "பூசுடி" என்றாள். நான் பூசினேன். என் கையை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். "பொண்ணு கலராத்தான் இருக்கு" என்று சொல்லிக் கேசரி தின்றார்கள். தை மாதம் கல்யாணம். மாசியில் அக்கா மாமியாரோடு மிளகாய்க் காட்டில் நின்று பழம் பறித்தாள். வெயில் படக் கூடாத முகம்! முதல் தடவை ஊருக்கு வந்தபோது முன்னைவிட இரண்டு மடங்கு கறுத்திருந்தாள். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கழுத்தில் தாலி ஏறிய பிறகு நிறம் யாருக்கு வேண்டும்? அத்தானைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல மனிதர். என் கோபம் அவர் மேல் இல்லை.

போன மகாளய அமாவாசைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு நானும் அக்காவும் இராமேஸ்வரம் போனோம். நல்ல கூட்டம். முகமெல்லாம் வேர்வையாக நின்ற ஒரு பெண் போலீஸ், அம்மாவின் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைத்தாள். "பாவம், வெயில்ல நின்னு நின்னு எம்புட்டுக் கறுத்துப்போச்சு பாரு இந்தப் புள்ள" என்றாள் அம்மா. அக்கா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபது வருடமாக அதைப் பற்றி வாயைத் திறக்காதவள் அப்போதுதான் சொன்னாள்.

"அது நான் நிக்க வேண்டிய எடம்மா."

அம்மாவின் காதில் அது விழுந்தது. பிறகு முந்தானையை விரித்து அக்காவின் தலைக்கு மேலே பிடித்தாள்.

"வெயில்ல நிக்காதடி, வா. கறுத்துருவ."