வெள்ளைக் கோட்டு கஸ்பார்

ஏரியூரில் கஸ்பார் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். "சினிமா டாக்டர் வூடு" என்றால் உடனே கை காட்டுவார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். ஆனாலும் இருபது வருஷம் படத்துக்குப் படம் வெள்ளைக் கோட்டோடு ஆபரேஷன் அறையைத் திறந்துகொண்டு வந்து, கண்ணாடியைக் கழற்றி, உதட்டைப் பிதுக்கியவர். அம்மா, தங்கை, உயிர் நண்பன் என்று அவர் கையில் பிழைத்தவர்கள் அபூர்வம்.

அவரைப் பேசவிட்டால் சினிமாவைப் பற்றி அவ்வளவாகச் சொல்ல மாட்டார். ரேடியோதான். ஊர் மாதா கோயிலில் ஏசு பாடுபட்ட கதையைப் போடும் பாஸ்கா நாடகத்தில், தீர்ப்புச் சொல்லும் பிலாத்துவாக அவர் போட்ட அதட்டலைக் கேட்ட வெளியூர்ப் பங்குச் சாமியார் ஒருவர், மெட்ராஸ் ரேடியோவில் குரல் தேர்வுக்கு அனுப்பிவைத்தார். போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

சுவரில்லாத கதவு ஒன்று ஸ்டுடியோ நடுவில் தனியாக நின்றிருக்கும், திறந்து மூடும் சத்தத்துக்காக. நடக்கிற சத்தத்துக்கு மணல் தட்டு. ஒரே மைக்கைச் சுற்றி நாலைந்து பேர், கையிலிருக்கும் தாள் சரசரக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இருபத்து நாலு வயதில் அவர் எழுபது வயது ஜமீன்தாராக இருமினார். அதே நாடகத்தில் பால்காரனாகவும் வந்து, ஜமீன்தாரிடமே பால் பாக்கி கேட்டார்.

புதிதாகக் கல்யாணமாகி வந்த ராயம்மாள், குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் வைத்திருந்த ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். எந்தக் குரலில் ஒளிந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

"எப்படிடீ தெரியுது?"

"பேசறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறீங்களே, அதுலயே தெரிஞ்சுபோவுதுங்க."

சினிமா தற்செயலாக வந்தது. டாக்டராக நடிக்க வேண்டியவர் வராத ஒரு நாள், ரேடியோவில் அவர் குரலைக் கேட்டிருந்த டைரக்டர் ஆளனுப்பினார். வராதவருக்குத் தைத்த கோட்டு மணிக்கட்டுவரை எட்டாமல் இறுக்கிப் பிடித்தது. அன்றைக்கு அவர் சொன்ன ஒரே வசனம்: "என்னால முடிஞ்சதைச் செஞ்சுட்டேன்." தியேட்டரே அழுததாம். அதற்கப்புறம் யாரும் அவரை வேறு வேஷத்துக்குக் கூப்பிடவில்லை. சொந்தமாகவே ஒரு கோட்டு தைத்துக்கொண்டார். சிரிக்க வைக்கிற வேஷம் ஒன்று கேட்டு, கம்பெனி கம்பெனியாக நடந்தும் பார்த்தார். "உங்களைப் பார்த்தாலே ஜனங்க பயப்படுறாங்க சார்" என்று சிரித்து அனுப்பினார்கள். பிறகு டாக்டர் வேஷத்துக்கும் புது முகங்கள் வந்தன. அவரும் ராயம்மாளும் ஏரியூருக்குத் திரும்பி, அப்பன் விட்டுப்போன காட்டில் கேழ்வரகு போட்டார்கள்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். சேலத்தில் மகள் ஏஞ்சலின் வீட்டுக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். தொப்பூர் கணவாயில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. முன்னால் ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் பாறையில் மோதியிருந்தது. டிரைவரின் கால் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்த கூட்டத்தில் ஒருத்தி கஸ்பாரைக் கண்டதும் கத்தினாள்.

"டாக்டரு வந்துட்டாருங்க! வழி வுடுங்க!"

"இல்லம்மா, நான்..." என்பதற்குள் அவரை லாரிக் கதவருகில் தள்ளிவிட்டார்கள். டிரைவர் கண் செருகிக்கொண்டிருந்தான். கஸ்பார் ரத்தத்தைக் கண்டாலே ஆகாத மனுஷர். ராயம்மாள் பின்னாலிருந்து அவர் முதுகைத் தொட்டாள்.

"பேசுங்க. உங்களுக்குப் பேசத்தான் தெரியும். அதைச் செய்யுங்க."

கஸ்பார் மூச்சை இழுத்தார்.

"தம்பி, இங்க பாரு. உனக்கு ஒன்னும் ஆவாது. பேர் சொல்லு."

"மாதப்பன்..."

"கண்ணை மூடாத, மாதப்பா. எந்த ஊரு? வூட்ல யார் யாரு?"

ஆம்புலன்ஸ் வந்து, கதவை அறுத்து ஆளை எடுக்கிறவரைக்கும் அவர் விடவில்லை. அவர் குரலில் பழைய பால்காரன் வந்தான், ஜமீன்தார் வந்தார், இருவரும் சண்டை போட்டார்கள். வலியிலும் மாதப்பன் ஒரு தடவை சிரித்தான். ஏற்றிக்கொண்டு போனபின் கஸ்பார் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதார். டாக்டர் என்று நம்பியவனை ஏமாற்றிவிட்டோமே என்று வாரக்கணக்கில் அவருக்கு அரித்தது.

நாலு மாசம் கழித்து, தடி ஊன்றிக்கொண்டு ஒருவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். மாதப்பன்.

"தம்பி, நான் நெசமான டாக்டர் இல்லப்பா" என்று கஸ்பார் முந்திக்கொண்டு சொன்னார்.

"தெரியும்ங்க. உங்க படம் எத்தனை பாத்திருக்கேன்! உங்க மூஞ்சியப் பாத்ததுமே, சரி, நாம செத்தோம்னு முடிவு பண்ணிட்டேன். நீங்க பாக்க வந்தா யாருங்க பொழைச்சிருக்காங்க?"

ராயம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்புறம் ஒன்னும் ஆவாதுன்னீங்க பாருங்க, படத்துல ஒருநாளும் சொல்லாத வார்த்தை. இவரே சொல்றாருன்னா பொழைச்சுக்குவோம்னு தோணுச்சுங்க."

கஸ்பார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

மாதப்பன் பிறகு லாரியை விட்டுவிட்டு வாடகைக் கார் ஓட்டினான். போன தை மாசம் இருவரையும் மெட்ராஸுக்கு அழைத்துப் போனான். கஸ்பார் நடித்த பட ஸ்டுடியோ இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். பால்கனிகளில் துணி காய்ந்தது. ரேடியோ நிலையம் மட்டும் கடற்கரை ரோட்டில் அப்படியே நின்றது. கேட்டில் இருந்த காவலாளிக்கு இவரைத் தெரியவில்லை. அனுமதி இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார். கஸ்பாருக்கு வருத்தமில்லை. எந்த ஜன்னலுக்குப் பின்னால் நாடக ஸ்டுடியோ என்று வெளியிலிருந்தே காட்டினார். வேலை முடிந்து கூட்டமாக டீ குடிக்கப் போன வழியைக் காட்டினார். உடன் நடித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பாதிப் பேர் இப்போது இல்லை. கடல் காற்றில் அவர் குரல் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

"போலாங்களா, வெயில் ஏறுது" என்றாள் ராயம்மாள்.

"இன்னும் கொஞ்சம் நேரம்" என்றார்.

மாதப்பன் காரை நிழலில் தள்ளி நிறுத்திவிட்டு மூன்று பேருக்கும் டீ வாங்கப் போனான்.