மாப்பிள்ளையின்ர கடன் அறிக்கை

கவுண்டருக்கு உள்ளுக்குக் கதிரை போட்டு இருக்கிறவைக்குத்தான் தெரியும், சனத்துக்கு ஒண்டை இலவசமாய்க் குடுக்கிறது எவ்வளவு கரைச்சல் எண்டு. ஊர்காவற்றுறையில எங்கட கடன் சங்கத்தில எனக்கு அந்த வேலைதான். ஒருத்தர் எங்கையெங்கை கடன் எடுத்தவர், ஒழுங்காய்க் கட்டினவரோ, ஆருக்குப் பிணை நிண்டவர் எண்டதெல்லாம் ஒரு அறிக்கையில இருக்கும். அடையாள அட்டையோட வந்தால், அவரவற்ற அறிக்கையில ஒரு பிரதியைச் சங்கச் செலவில கொம்பியூட்டரில எடுத்துக் குடுப்பன். அவ்வளவுதான். ஆனா நடக்கிறதைக் கேளுங்கோ.

பஸ்ஸுக்கை ஆரும் கண்டால்

கரம்பொன்னில இருந்து ஒரு அக்கா வந்தவ. மாடு வாங்கக் கடன் கேட்டிருந்தா. அறிக்கையை எடுத்துப் பார்த்தால், முந்தி எடுத்த ஒரேயொரு கடனையும் ஒரு மாதமும் பிந்தாமல் கட்டி முடிச்சிருக்கிறா. சோக்கான அறிக்கை அக்கா எண்டு நான் சொல்ல, மனுசி சிரிக்கவேயில்லை. பேப்பரை நாலாய் மடிச்சுக் குடைக்குள்ளை சொருகினா. ஏனெண்டு கேட்டன்.

"உந்தப் பேப்பரைப் பஸ்ஸுக்கை ஆரும் கண்டால், நான் இறங்கிறதுக்கு முன்னம் கடன்காரி எண்டு ஊருக்குக் கதை போயிடும் பிள்ளை."

சாதகத்தோட வந்தவர்

புளியங்கூடல் சிவபாதம் அண்ணை தோட்டம் செய்யிறவர். மகளுக்குப் பேசின மாப்பிள்ளையின்ர சாதகத்தைக் கொண்டுவந்து மேசையில வைச்சார். பிறந்த நாள், நேரம் எல்லாம் இதில கிடக்கு, பொடியன்ர கடன் அறிக்கையை எடும் எண்டார். ஆற்ற அறிக்கையோ அந்த ஆள்தான் வந்து கேக்கவேணும், தகப்பன் வந்தாலும் ஏலாது எண்டு மூண்டு தரம் சொன்னன். பின்னால அஞ்சு பேர் நிக்கினம், எனக்கும் கோவம் வந்திட்டுது. வேணுமெண்டால் உங்கட அறிக்கையை எடுங்கோ, மகளுக்குச் சீதனமாய்க் கட்டிற வீட்டு வேலைக்குக் கடன் கேக்கப்போறியள்தானே, அதுக்கும் தேவைப்படும் எண்டு கொஞ்சம் ஏச்சாய்த்தான் சொன்னன்.

"என்னைப் பற்றி எனக்குத் தெரியாததையே உந்த மிசின் சொல்லப்போகுது?"

கலியாணவீட்டுக் கையெழுத்து

மிசின் சொல்லிப்போட்டுது. அண்ணையின்ர தங்கச்சி புருசன் உழவு மிசினுக்கு ஒரு கடன் எடுத்து, அதுக்கு அண்ணை பிணை நிண்டிருக்கிறார். எடுத்தவர் வெளிநாட்டுக்குப் போயிட்டார். கடன் கட்டாமல் கிடக்கு. அண்ணைக்கு முதல் ஒண்டும் விளங்கயில்லை. பேந்துதான் ஞாபகம் வந்தது, ஒரு கலியாணவீட்டில சாப்பிட்டுக் கை கழுவின ஈரத்தோட போட்ட கையெழுத்து. எங்கட தீவுப்பக்கம் நாலு பேருக்கு முன்னால பேனையை நீட்டினால் மாட்டன் எண்டு சொல்ல ஏலுமே? இண்டைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு, அப்பிடித்தான் நடக்குது.

இதைத் தீர்க்காமல் வீட்டுக் கடன் குடுக்க ஏலாது. வீட்டைக் கட்டி முடிச்சுத்தான் கலியாணம் எண்டு அண்ணை மாப்பிள்ளை பகுதிக்கு வாக்குக் குடுத்தும் ஆச்சு. மனுசன் கதிரையை விட்டு எழும்பவேயில்லை. தண்ணி குடுத்தன். ஏசினதுக்கு மன்னிக்கச் சொல்லியும் கேட்டன்.

"அவையளுக்குச் சொல்லாமல் விட்டால் பாவம் பிள்ளை, சொன்னால் என்ர பிள்ளையின்ர கலியாணம் நிண்டுபோயிடும்."

இரண்டு பேப்பர்

இரண்டு நாளில அண்ணை திரும்பி வந்தார், கூடவே மாப்பிள்ளைப் பொடியன். இளம் வாத்தியார். தன்ர அறிக்கையையும் எடுக்கச் சொல்லித் தானாய் அட்டையைத் தந்தார். அவரும் ஒரு ஆளுக்குப் பிணை! கூடப் படிப்பிக்கிறவர் எடுத்த மோட்டார் சைக்கிளுக்கு. அதிலையும் இரண்டு மாதம் பாக்கி.

அண்ணை தன்ர பேப்பரை அவருக்கு முன்னால தள்ளிப்போட்டு, வீட்டை இப்ப முடிக்க ஏலாது எண்டு சொல்லிக் குனிஞ்சுகொண்டார். பொடியன் ஆறுதலாய் முழுக்க வாசிச்சார். நான் முத்திரை குத்திற மாதிரிச் சும்மா மேசையில தட்டிக்கொண்டு இருந்தன். அதுவரைக்கும் அண்ணையை ஐயா, ஐயா எண்டு கதைச்சுக்கொண்டிருந்தவர், அறிக்கையை மடிச்சு அண்ணையின்ர கையில குடுத்துப்போட்டுச் சொன்னார்.

"வீட்டு வேலை பிந்தினால் பிந்தட்டும் மாமா, கலியாணத்தைப் பிந்தவிடாதேங்கோ."

நான் குடுக்கிறது இலவசமாய்த்தான், ஆனா அதை வாங்கிக்கொண்டு இலேசாய் எழும்பிப் போன ஒருத்தரையும் நான் இன்னும் காணயில்லை.