வேக் என்றால் வேகம் இல்லை

போன வாரம் என் மேலதிகாரி, என்னைவிட ரொம்பவே சின்னவர், நான் மாங்குமாங்கென்று எழுதி அனுப்பிய மின்னஞ்சலுக்கு ஒரே ஆங்கில வார்த்தையில் பதில் போட்டார்: ‘வேக்’. தெளிவில்லை, பிடிகொடுக்காமல் எழுதியிருக்கிறாய் என்று பொருள். நியாயமாக நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பினாயிலும் ஊதுபத்தியும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறியது. ஏகாம்பரம் சார் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

ஆங்கில இலக்கியம் படித்து முடித்து, உலகம் எனக்காக ஒன்றும் காத்திருக்கவில்லை என்று தெரிந்தபின், திருவண்ணாமலையில் தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டுக்காரர்களிடம் பேச ஆள் வேண்டுமாம். ஏகாம்பரம் அங்கே மேனேஜர். அவர் வாயிலிருந்து ‘இல்லை’ வந்ததே கிடையாது. ‘ஆமாம்’ வந்ததும் கிடையாது. வெந்நீர் எப்போது வரும் என்றால் “வந்துடும்” என்பார். ஃபேன் சுற்றவில்லையே என்றால் “சுத்தும்” என்பார். ஃபேனுக்கும் அவருக்கும் ஏதோ உடன்பாடு இருப்பதுபோல நமக்கே தோன்றிவிடும்.

மலையின் அமைதியைத் தேடி வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், அமைதி கிடைத்தும் வெந்நீர் கிடைக்காமல், காலி செய்யும்போது “யூ ஆர் ஸோ வேக்!” என்று கையை விரித்துவிட்டுப் போனார். ஏகாம்பரம் முகம் மலர்ந்துவிட்டது.

“இன்னாப்பா சொல்லிட்டுப் போவுது? நான் வேகம்னுதானே?”

முதல் சம்பளம்கூட வாங்காதவன் நான். “அது வந்து சார்… ஒரு மாதிரி… அப்படியும் எடுத்துக்கலாம்.”

அந்த வார்த்தைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை எந்த அகராதியும் தந்ததாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து லாட்ஜ் முழுக்க வேக் பரவியது. பெட்ஷீட் மாற்றுகிற அம்மாவிடம் “இன்னும் கொஞ்சம் வேக்கா செய்ம்மா” என்பார். முதலாளியின் மகன் பெங்களூரில் நிர்வாகம் படித்து முடித்து வந்து இறங்கியபோது, “நம்ம சர்வீஸ்ல வேக் ஜாஸ்தி சார், வெள்ளக்காரங்களே சொல்றாங்க” என்று பெருமையாக வரவேற்றார். மகன் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

மறுநாளே சட்டம் வந்தது. இருந்தால் ‘இருக்கு’, இல்லாவிட்டால் ‘இல்லை’. நடுவில் ஒன்றும் கூடாது. வழிகாட்ட மகனே கவுண்டரில் உட்கார்ந்தார். அது பௌர்ணமி நாள், உச்சி வெயில். செங்கம் பக்கத்து வயதான விவசாயி ஒருவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். கிரிவலத்தில் பாதி வழியிலேயே இளைப்பு வந்துவிட்டதாம்.

“செத்த நேரம் படுக்க எடம் குடுங்க சாமி” என்றார் அந்த அம்மா.

“இல்ல. ஃபுல்.”

என்ன தெளிவு! அந்த அம்மா பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். அப்போதுதான் ஏகாம்பரம் எழுந்தார்.

“இரும்மா. பாக்கலாம்.”

படிக்கட்டுக்கு அடியில் அவர் தங்கும் சின்ன அறை இருந்தது. தன் கட்டிலில் பெரியவரைச் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, பக்கத்துத் தெரு டாக்டரை அழைத்து வர என்னை விரட்டினார். டாக்டர் வந்து ஊசி போட்டார். சாயங்காலம் பெரியவர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார்.

மகனுக்கு ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. “இல்லன்னு நான் சொன்ன பிறகு, பாக்கலாம்னா என்ன அர்த்தம்?”

“பாக்கலாம்னா… பாக்கலாம்தான் சார்.”

“நாளையிலேருந்து நீங்க வர வேணாம்.”

அந்த லாட்ஜில் நான் கேட்டதிலேயே மிகத் தெளிவான வாக்கியம் அதுதான்.

பஸ் ஸ்டாண்டு வரை அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். வழியில், “இப்பவாவது சொல்லுப்பா, வேக்னா இன்னா?” என்றார். சொன்னேன். எதையும் பட்டென்று சொல்லாமல் மழுப்புவது என்று. நடுரோட்டில் நின்று சிரித்தார்.

“அடப்பாவி, அதுக்குன்னு ஒரு இங்கிலீஷ் வார்த்தையே வெச்சிருக்கானா? நான் ஏதோ எனக்கு மட்டும் இருக்கற வியாதின்னு நெனச்சேன்.”

அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை. இந்தப் பௌர்ணமிக்குப் போயிருந்தபோது அந்த லாட்ஜ் கண்ணாடி முகப்போடு ஓட்டலாகியிருந்தது. கவுண்டரில் ஆள் இல்லை, ஒரு தொடுதிரை மட்டும். ஊரிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் அதைத் தொட்டார்கள். அறை இல்லை என்று சிவப்பில், தமிழிலும் ஆங்கிலத்திலும், சந்தேகத்துக்கே இடமில்லாமல் வந்தது. ஆனாலும் அவர்கள் நகரவில்லை. யாராவது வருவார்களா என்று உள்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை.