தப்பு வீட்டுப் பால்

பையில் பாக்கெட்டைப் போடுவதற்கு முன் ரோஸி உள்ளே கையை விட்டு அடிவரை துழாவுவாள். என் கிரில் கதவில் தொங்குவது வலைப்பை, காலியாக இருப்பது வெளியிலிருந்தே தெரியும். ஆனாலும் துழாவுவாள். பிறகுதான் பால். காலை ஐந்தரை மணிக்குக் கதவுத் துளை வழியே இதைப் பல நாள் பார்த்து, சில்லறை கிடக்கிறதா என்று தேடுகிறாளோ என்றுகூட நினைத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

செம்பாக்கம் ஏரிக்குப் பின்தெருவில், லிஃப்ட் இல்லாத பதினாறு வீட்டுக் குடியிருப்பு எங்களுடையது. ரோஸிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நைட்டிக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் மஃப்ளர், காலில் ஒன்று நீலமும் ஒன்று சிவப்புமாகச் செருப்பு. கேட்டால், "ரெண்டும் ஒரே நாள்லயா அறுந்துச்சு டீச்சர்?" என்பாள்.

ஜூன் மாதம் அவள் எங்கள் தெருவுக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து தப்பு. ஏழாம் எண் வீட்டுக்காரியான என் பச்சைப் பாக்கெட், எனக்கு நேர் கீழே மூன்றாம் எண்ணில் இருக்கும் சுந்தரராமனின் பையில் தொங்கும். அவருடைய நீலப் பாக்கெட் என் பையில். முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான்; தப்பைக் கண்டால் கை சிவப்பு மையைத் தேடும். என் கதவில் ஏழு என்று சிவப்பில் பெரிதாக எழுதி ஒட்டினேன். பயனில்லை. பெல் அடித்துக் கையில் கொடுக்கச் சொல்லலாமென்றால், முதல் வாரம் அவள் அப்படி அடித்தபோது தூக்கம் கெட்டுக் கத்தியதும் நான்தான். பாவம், எழுத்தறியாதவள் என்று முடிவுகட்டி, காலண்டர் தாளின் பின்புறம் ஒன்று முதல் பதினாறு வரை எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "கையெழுத்து சூப்பரா கீது டீச்சர்" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். மறுநாளும் நீலப் பாக்கெட்தான்!

இதனால் தினமும் காலையில் மனித முகம் பார்க்க வேண்டியதாயிற்று. ஓய்வு பெற்ற பின் சில நாள் குக்கரைப் பார்த்துப் "போதும்" என்று சொல்வது மட்டுமே என் பேச்சு. தனிமை பழகிவிட்டது என்று ஊரை ஏமாற்றினேன், என்னையும்தான். சுந்தரராமன் முதல் வாரம், "மேடம், உங்க பால் எங்கிட்ட வந்துடுத்து" என்று வாசலிலேயே நின்றார். இரண்டாம் வாரம் கையில் சுடோகு. "இந்தக் கட்டத்துல ஏழு வருமோ?" ஆகஸ்டில் அவருக்கும் சேர்த்து டிகாக்‌ஷன் போட ஆரம்பித்திருந்தேன். ஆனாலும் தப்பு தப்புதானே? அந்த மாதத்துத் தேதிகளை எல்லாம் குறித்து, அடிக்கோடிட்டு, சங்கச் செயலாளருக்குப் புகார் எழுதினேன். ஒன்றாம் தேதி முதல் ரோஸிக்குப் பதில் வேறு ஆள் என்று முடிவாயிற்று.

இருபத்தேழாம் தேதி சுந்தரராமன் பால் மாற்ற வரவில்லை. ஆறே முக்கால். ஏழு. எரிச்சலோடு நீலப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன். என் பச்சைப் பாக்கெட் அவர் கிரில் கதவில் வியர்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு முறை பெல் அடித்தேன். உள்ளே டொக், டொக் என்று சன்னமாக ஒரு சத்தம்.

எதிர்வீட்டுப் பிளம்பர் ஜாய்சன் பூட்டை உடைத்தார். குளியலறைத் தரையில், கால் திருகிக் கிடந்தார் மனிதர். கையில் பிளாஸ்டிக் மக். முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு விழுந்தாராம். விடிய விடிய மக்கால் தரையைத் தட்டியிருக்கிறார். எனக்கு நேர் கீழே. சீரியல் பார்க்க நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில், இன்னும் அரை நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள்.

மறுநாள் ஐந்தரைக்குக் கதவைத் திறந்துவைத்து நின்றேன்.

"ரோஸி, உனக்கு நம்பர் படிக்கத் தெரியுமா, தெரியாதா?"

"பத்தாவது பாஸு டீச்சர். கணக்குல எழுவத்தெட்டு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பின்ன ஏன் தப்பு தப்பா போடறே?"

பால் கூடையைப் படியில் இறக்கிவைத்தாள்.

"போன வருசம் வேற லைன்ல போட்டுகினு இருந்தேன். தனியா ஒரு அம்மா. மொத நாள் போட்ட பாக்கெட்டு பையிலயே கீது. சொல்லாம ஊருக்குப் போய்ட்சேன்னு எனக்குக் கோவம் வேற. அது மேலயே ரெண்டாவது போட்டேன். மூணாவதும் போட்டேன். நாலாம் நாளு பை நாறுது. கதவ ஒடச்சாங்க." மஃப்ளரால் முகத்தைத் துடைத்தாள். "டாக்டரு இன்னா சொன்னாரு தெரியுமா? வுழுந்த பின்னால ரெண்டு நாளு உசுரோட இருந்துருக்கு. நான் வாசல்ல பாலு போட்டுகினு போறேன், அது உள்ள உசுரோட கீது டீச்சர்."

நான் அவள் கூடைக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"பெல் அடிச்சா எல்லாரும் கத்துறீங்க. பக்கத்து வூட்டுல ஆளு கீதா இல்லியான்னு ஒருத்தரும் கேக்க மாட்டீங்க. அர லிட்டர் பாலு மாறிப்போனா மட்டும் ஓடிப்போய் கேப்பீங்க. அதான்."

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். நான் எழுதிக் கொடுத்த காலண்டர் தாள். என் எண்களுக்கு நடுவே அம்புக்குறிகள் போட்டிருந்தாள். மூன்றிலிருந்து ஏழுக்கு. பதினாலிலிருந்து ஒன்பதுக்கு. இந்தக் கட்டடத்தில் தனியாக இருப்பவர்கள் ஐந்து பேர். ஒன்பது வருடமாக இங்கே குடியிருக்கிறேன். அதில் இரண்டு பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

"பதினாலு யாரு?"

"சினேகான்னு நர்ஸ் பொண்ணு. டூட்டி முடிஞ்சு வந்து தனியா உக்காந்து அழுவும்."

புகார் எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும். செக்ரட்டரி சார் சொல்ட்டாரு." தாளை என்னிடம் நீட்டினாள். "புதுசா வர்ற ஆள நான் பாக்க முடியாது. நீங்க குடுத்துருங்க டீச்சர். எந்த வூட்டு பாலை எங்க தப்பா போடணும்னு இதுல கீது."

அன்று காலையே செயலாளர் வீட்டுக்குப் போய், தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் நான் எழுதாத வாக்கியம் அது. ரோஸியே தொடரட்டும் என்று அவர் சொல்லும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஒன்றாம் தேதி சுந்தரராமன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான்; கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. ஐந்தரைக்குக் கதவுத் துளையில் கண்ணை வைத்தேன். நீலச் செருப்பும் சிவப்புச் செருப்பும் படியேறி வந்தன. ரோஸி என் பைக்குள் கையை விட்டு அடிவரை துழாவினாள். கையை எடுத்து நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். கதவிலிருந்த என் சிவப்பு ஏழை நிதானமாகப் படித்தாள். பிறகு யாருடையதோ ஓர் ஆரஞ்சுப் பாக்கெட்டை என் பையில் போட்டுவிட்டு, என் பச்சைப் பாக்கெட்டோடு பதினாலாம் எண்ணுக்கு மாடியேறிப் போனாள்.