சொல்லாமல் கிளம்பும் வழக்கம்

மருந்து வாசனை அடிக்காத ஆஸ்பத்திரி அறையை நான் பெங்களூரில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஊசி இல்லை, கம்பவுண்டர் இல்லை, கலர் தண்ணீர் பாட்டில் இல்லை. தரையில் ஒரு ஜமக்காளம், அதன்மேல் மரக்கட்டைகள், துணிப் பொம்மைகள், ஒரு தகர பஸ். நடுவயதுப் பெண் ஒருவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் ஆறு வயது மகள் செல்வியிடம் "என்ன விளையாடலாம்?" என்று கேட்டார். குடியாத்தத்தில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். படித்த பொம்பளை சர்க்கார் சம்பளத்தில் பொம்மை விளையாடினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கோ சந்தேகம் கூடவே பிறந்தது. "மருந்து எப்போ மேடம் குடுப்பீங்க?" என்று கேட்டேன். அவர் கட்டைகளைக் காட்டி, "இதேதாம்மா மருந்து" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் பெயர் சாரதம்மா. கன்னடக்காரர், தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார். அவரிடம் நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. வகுப்பை விட்டு டீச்சர் வெளியே போனால் போதும், செல்வி பக்கத்தில் இருக்கிற பிள்ளையைக் கடித்துவிடுவாள். மூன்று பேரைக் கடித்தாயிற்று. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்க்கிற பிரிவிலிருந்து கடிதம் கொண்டுவந்தால் சேர்ப்பேன், இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். தர்காவில் மந்திரித்துத் தாயத்து கட்டிப் பார்த்தோம். தாயத்துக் கயிற்றையும் கடித்துத் துப்பினாள்.

அல்சூரில் எங்கள் லைன் வீட்டில் அடுத்த அறையிலிருந்த ரோசம்மா பயமுறுத்தினாள். "அய்யய்யோ, அங்கயா போற? ரிஜிஸ்டர்ல பேர் ஏறிச்சுன்னா அவ்ளோதான். நாளைக்கு யாரு வந்து பொண்ணு கேப்பான்? மெண்டல்னு சொல்லிட மாட்டாங்களா?" என்றாள். என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் பிட்டர். அவரோ, "எழுதினா எழுதிக்கட்டும், படிப்பு போச்சுன்னா திரும்ப வருமா?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பஸ் ஏறிப் போய் உட்கார வேண்டியவள் நான்தானே!

அதனால் ஒரு காரியம் செய்தேன். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வரும்போது வாத்தியார் பிள்ளைகளைப் பழக்கி வைப்பது போல, செல்வியைப் பழக்கினேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார். எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்று சொல். பொம்மையைத் தொட்டால் எடுத்த இடத்திலேயே வை. மூன்று வாரம் அவள் அப்படியே செய்தாள். சாரதம்மா நோட்டில் என்னமோ எழுதிக்கொண்டே இருந்தார். என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன், இங்கிலீஷ்.

கொஞ்ச நேரத்தில் என்னை அனுப்பிவிடுவார், நேரம் முடிந்து பெல் அடிக்கும் வரை வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். ஒவ்வொரு முறையும் அவர் ஒன்றே ஒன்று சொல்வார். "நீங்க வெளிய போறப்போ, எங்க உக்காருவீங்க, யாவாக, எப்போ வருவீங்கன்னு மகள்கிட்ட சொல்லிட்டுப் போங்க. அழட்டும், பரவாகில்ல." பிள்ளை அழட்டும் என்று சொல்கிற மனுஷியை எப்படி நம்புவது? நம் ஊரில் யாராவது அப்படிச் செய்வோமா? குழந்தைக்கு விளையாட்டுக் காட்டி, அது அந்தப் பக்கம் திரும்பினதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவுவதுதான் நமக்குத் தெரிந்த அன்பு. நான் தலையை ஆட்டிவிட்டு, செல்வி பொம்மையைப் பார்க்கும் நேரம் பார்த்து மெல்ல வெளியேறுவேன்.

அப்படித்தான் அவளைக் குடியாத்தத்திலும் விட்டுவந்தேன். என் வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தபோது செல்விக்கு மூன்று வயது. எனக்கும் ஒரு மில்லில் இடம் கிடைத்தது. பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. என் அக்கா, "எங்கிட்ட வுட்டுட்டுப் போடி, நான் பாத்துக்கறேன்" என்றாள். மத்தியானம் தூங்க வைத்துவிட்டுக் கிளம்பினோம். மூன்று வருஷம் கழித்து, அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் திரும்பப் போனேன். அக்காவை விட்டு வரமாட்டாள் என்று தெரியும். எனவே மூவருமாக ரயில் ஏறினோம். மணி அடித்ததும், "பெரியம்மா தண்ணி புடிச்சாறேன்" என்று கூஜாவை எடுத்துக்கொண்டு அக்கா இறங்கினாள். நானும் அவளும் முந்தின நாளே பேசி வைத்த நாடகம் அது. ஜோலார்பேட்டை வரைக்கும் செல்வி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழக்கூட இல்லை. பார்த்தாயா, சமத்து என்று நான் சந்தோஷப்பட்டேன்.

நான்காவது வாரமும் வழக்கம்போல நழுவினேன். பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது, உள்ளே அலறல். ஓடிப் போய்த் தள்ளினால் கதவு திறக்கவில்லை. முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அறையிலிருந்த கட்டை, பொம்மை, பஸ், நாற்காலி எல்லாவற்றையும் செல்வி கதவுக்கு முட்டுக்கொடுத்து அடுக்கியிருந்தாள். சாரதம்மா தரையிலேயே உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் பல் பதிந்து ரத்தம் கசிந்தது.

தொலைந்தோம் என்று நினைத்தேன். கடிதமும் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு, இனி கட்டிப்போடுகிற வார்டுதான். "மன்னிச்சிடுங்க மேடம், வீட்ல இப்படியெல்லாம் செய்ய மாட்டா" என்று கூசாமல் பொய் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "இவ யாரையும் அடிக்க வரலைம்மா. நான் எழுந்தேன், போயிடுவேன்னு பயந்துட்டா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டார்: "நீங்க ஒருநாளாவது இவகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கீங்களா?"

"சொன்னா அழுவாளே, மேடம்."

"யாரு அழுவா?"

தூங்குகிற பிள்ளையை விட்டு வந்த அன்று ரயிலில் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான் அழக்கூடாது என்றுதான் அவளைத் தூங்க வைத்தேன். அது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த வாரம் செல்வி முன்னால் குந்தி உட்கார்ந்து, "அம்மா வெளிய பெஞ்சுல இருக்கேன்டி. பெல் அடிச்சதும் வந்துடுவேன்" என்றேன். வீடு இடிந்தாற்போல அழுதாள். வெளியே உட்கார்ந்து அதை முழுக்கக் கேட்டேன். பெல் அடித்ததும் ஓடினேன். என்னைக் கண்டதும் நாலு அடி அடித்தாள், வாங்கிக்கொண்டேன். அதற்கடுத்த வாரம் அழுகை குறைந்தது, அதற்கும் அடுத்த வாரம் மறுபடி கூடியது. இப்படியே பல மாதம். கடைசியில் கடிதம் கிடைத்தது, பள்ளிக்கூடத்தில் முதலில் அரைநாள் மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த நோட்டில் சாரதம்மா என்ன எழுதினார் என்ற சந்தேகம் மட்டும் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

போன மே மாதம் லீவுக்குக் குடியாத்தம் வந்தோம். திரும்பும் நாளில், ரயிலடியில் அக்கா என்னிடம் கண்ஜாடை காட்டினாள். கையில் அதே கூஜா. நான் வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் செல்வி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, தண்ணி வேணாம். நான் பெங்களூர் போறேன். நீ அழு, பரவாகில்ல" என்றாள். அக்கா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து கதறிவிட்டாள். வண்டி நகரும் வரை ஜன்னல் கம்பியை விடவில்லை. பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். நானும் அழுதேன், குடியாத்தத்தை விட்டு வந்த இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து.

பாலாறு தாண்டியதும் செல்வி என் முகத்தைத் துடைத்துவிட்டு, "அம்மா, நமக்குத் திரும்பி வர எப்ப பெல் அடிக்கும்?" என்று கேட்டாள். சீக்கிரம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளிடம் இனிப் பொய் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேனே. "தெரியாதுடி" என்றேன். அவள் என் மடியில் காலை நீட்டிக்கொண்டு, தலையை மட்டும் ஜன்னல் பக்கம் வைத்து, குடியாத்தம் இருந்த திசையைப் பார்த்தபடியே தூங்கிப்போனாள்.