பால்மா டின்னில் வந்த மண்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. விளாங்குடியிலிருந்து டவுன் பஸ் பிடித்து ஆரப்பாளையம் வந்து, அங்கே ஒரு கிறிஸ்தவ சேவா சங்கத்தில் டைப்பிஸ்டாக வேலை பார்த்தேன். எங்களுடையது கோயில், விரதம் என்று இருக்கிற குடும்பம். "அங்க போனா மதம் மாத்திருவாங்க" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். மூன்று வருஷத்தில் மாறியது என் டைப்பிங் வேகம் மட்டும்தான்.

சிலோன் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாக வேலை பார்த்தவர்களை, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இங்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, ஆளுக்கு ஒரு திசையாகப் போவார்கள். போக்கிடம் தெரியாமல் மதுரையில் வந்து நின்றவர்களுக்கு எங்கள் சங்கம் உதவியது. பூர்வீக ஊரில் குடியேற விரும்பினால் ஒரு அறையும் அடுப்படியுமாக வீடு கட்டிக் கொடுப்போம். ஆனால் ஊர்க்காரர்கள், "இவர் பூர்வீகமாக எங்கள் ஊரைச் சேர்ந்தவர், வீடு கட்ட ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவத்தை டைப் அடித்தவள் நான்தான்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தருக்கு ஐம்பது வயதிருக்கும். மனைவி தோட்டத்திலேயே இறந்துவிட்டார். மகளும் மருமகனும் முந்தின கப்பலிலேயே வந்து, நீலகிரியில் ஒரு எஸ்டேட்டில் சேர்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் அங்கே போகாமல் சங்கத்தின் பின்கட்டில் தங்கி, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சொத்து என்று பார்த்தால் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பால்மா டின். பால் பவுடரைச் சிலோனில் அப்படித்தான் சொல்வார்கள். பெட்டியைத் திறந்து போட்டுவிட்டே வெளியே போவார், டின்னை மட்டும் கூடவே எடுத்துப் போவார்.

அதில் என்ன என்று கேட்டேன். மூடியைத் திறந்து காட்டினார். மண்!

"எங்க தாத்தா சிலோனுக்குப் போறப்ப குலசாமி கோயில்ல பிடிமண் எடுத்துட்டுப் போனாரும்மா. அதை வச்சுத்தான் தோட்டத்துல சாமி கும்பிட்டோம். இப்ப எல்லாரும் கிளம்பியாச்சு, விளக்குப் போட ஆள் இல்ல. அதான் எடுத்துட்டு வந்துட்டேன். எங்கேயிருந்து போச்சோ அங்க சேத்துரணும்" என்றார். கஸ்டம்ஸில் தங்கம் இருக்குமோ என்று டின்னுக்குள் விரலை விட்டுத் துழாவினார்களாம். "பாவம், நகமெல்லாம் மண்ணு" என்று சிரித்தார்.

பிழைக்கப் போகிறவர்கள் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப் போய், போன இடத்தில் அதையே சாமியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். திருப்பிக் கொண்டுவந்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கோயில் இருந்தது உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில். ஊர்ப் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மண்ணும் சேர்ந்துவிடும், அதே கையோடு கையெழுத்தும் வாங்கிவிடலாம், வீடும் கிடைத்துவிடும். சங்கத்தை நடத்திய ஃபாதர், "உங்க சாமி விஷயம் உனக்குத்தாம்மா தெரியும், நீயே கூட்டிட்டுப் போ" என்று ஜீப்பைக் கொடுத்தார். "பஸ்ஸுல போயிக்கிறேனே" என்று இவர் இழுத்தார். புரட்டாசி வெயிலில் எதற்கு என்று நான்தான் அடக்கினேன்.

சங்கத்தின் பெயர் எழுதிய ஜீப் ஊருக்குள் போனதும் கூட்டம் கூடிவிட்டது. பங்காளிகளில் மூத்தவர் ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். தாத்தா பெயரைக் கேட்டார். சாமிக்கு எந்தத் திசை பார்த்துப் பொங்கல் வைப்பீர்கள், காவலுக்கு நிற்கிற சாமி யார், வீட்டில் முதல் பெண்பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவர் எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னார். மூத்தவர் முகம் இளகிவிட்டது. "நம்ம ஆளு ஒருத்தரு கடலுக்கு அந்தப் பக்கம் போனதா எங்க அய்யா சொல்லுவாரு" என்றார். யாரோ ஒரு அம்மா சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வாங்க தம்பி, கோயிலுக்குப் போவோம்" என்று மூத்தவர் எழுந்தார். இவர் டின்னை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஃபைலைப் பிரித்து, "ஐயா, அப்படியே இதுல ஒரு கையெழுத்து" என்றேன்.

"என்னாத்தா இது?"

எல்லார் காதிலும் விழட்டும் என்று சத்தமாக வேறு வாசித்தேன். பின்னால் இருந்து ஒருத்தர், "வீடு கட்ட இடம் வேணும்ல, அது யாரு இடம்?" என்றார். இன்னொருத்தர், "பூர்வீகம்னு போட்டிருக்காங்கண்ணே" என்றார். மூத்தவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"பிடிமண்ணு போனா போனதுதான் தாயி. திரும்பச் சேக்கிற வழக்கம் இங்க இல்ல."

ஒரு நிமிஷம் முன்னால் கோயிலுக்குக் கிளம்பியவர் அவர்தானே என்று எனக்கு ஆத்திரம். சாமி பொதுதானே, மனுஷத்தன்மை வேண்டாமா என்று என்னென்னவோ பேசினேன். பேசப் பேசக் கெட்டுப்போனதுதான் மிச்சம். மழையை நம்பிக் கிடக்கிற துண்டு நிலத்தை நாலு அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டு அல்லாடுகிற ஊர் அது. ஜீப்பில், பேப்பரோடு, புதிதாக ஒரு பங்காளி வந்து இறங்கினால், நிலத்தில் பங்கு கேட்பானோ என்று பயப்படாமல் என்ன செய்வார்கள். இது எனக்கு உறைக்கவே பல மாதம் ஆனது.

திரும்பி வரும்போது டின் அவர் மடியில் இருந்தது. செக்கானூரணி தாண்டியதும், "கவலைப்படாதீங்க, வேற ஊர்ல வீட்டுக்கு ஏற்பாடு பண்றேன்" என்றேன்.

"வீடு நீங்கதானம்மா கேட்டீங்க. நான் கேக்கலியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்காது.

ஃபாதர் வெறும் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "கையெழுத்து இல்லாமக் குடுக்கக்கூடாதுன்னு எழுதி வச்சது நாந்தாம்மா" என்றார். ஊர்மேல் கோபப்படுவதா, படிவத்தின்மேல் கோபப்படுவதா, என்மேலேயே கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றேன்.

மாசி மாதம், எங்கள் பக்கத்தில் எல்லாரும் குலசாமி கோயிலுக்குப் போகிற சிவராத்திரி வந்தது. இவரை இரண்டு நாளாகக் காணவில்லை. மூன்றாம் நாள் சட்டையெல்லாம் கசங்கி வந்து சேர்ந்தார்.

"பஸ்ஸுல நின்னுக்கிட்டே போனேம்மா. எங்கெங்கயோ இருந்து சனம் வந்திருந்துச்சு. அன்னிக்கு யாரும் யாரையும் யாருன்னு கேக்கல. அந்தப் பெரியவரு மட்டும் என்னைப் பாத்துட்டாரு. நின்ன இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னாரு. நான் போயிக் கொட்டிட்டேன்."

உடனே, "அப்ப அங்கேயே இருந்திரலாமே, இப்ப கேட்டா கையெழுத்து..." என்று ஆரம்பித்தேன் பாருங்கள், நானெல்லாம் திருந்துகிற ஜென்மமா.

அவர் சிரித்தார். "நாளைக்கு மகக்கிட்டப் போறேம்மா, நீலகிரிக்கு." டின் அப்போதும் கையில் இருந்தது. கனமாகத் தெரிந்தது. மூடியைத் திறந்தார். கடல் தாண்டி வந்த, மூன்று தலைமுறை விளக்கு எண்ணெய் குடித்துக் கறுத்த மண் இல்லை. உசிலம்பட்டிச் செம்மண்.

"இம்புட்டுப் பாடுபட்டுச் சேத்துட்டு, திரும்ப எடுத்துட்டுப் போறீங்களா?" என்றேன்.

"அங்க பேரப்பிள்ளைக இருக்குல்ல" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அவர் போன பிறகு ஃபைலை முடிக்க உட்கார்ந்தேன். 'சொந்த ஊர்' என்ற இடத்தில் என்ன அடிப்பது என்று தெரியாமல், மெஷினில் காகிதத்தை மாட்டியபடியே வெகுநேரம் இருந்தேன். கடைசியில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டேன், ஃபாதரும் கேட்கவில்லை. எனக்கு வயதாகிவிட்டது, யாருக்காவது உதவி செய்யப் புறப்படும்போதெல்லாம் "இதை அவர் கேட்டாரா, நான் கேட்டேனா" என்று எனக்குள்ளேயே ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறேன். பாதி நேரம் இன்னும் பதில் தெரிவதில்லை.