பதினெட்டாவது பால்குடம்

ஜெகதீஸ்வரியிடம் மூன்று சட்டைகள் இருந்தன. சிவப்பைப் போட்டால் ஜெட் சிக்கன். பச்சையைப் போட்டால் மாமா லூனா பீட்சா. ஊதாவைப் போட்டால் ஓஓ டோனட். மூன்றும் ஒரே கம்பெனி. பினாங்கில் கொம்தார் கோபுரத்துக்குப் பக்கத்துப் பேரங்காடியில் மூன்று கடைகளும் வரிசையாக இருக்கும். முன்னால் நின்று பார்த்தால் மூன்று. பின்னால் போனால் ஒரே நடைவழி, ஒரே குப்பைத்தொட்டி, ஒரே கழிப்பறை. இது தெரியாத ஜனங்கள்தான் அந்தக் கடை நல்ல கடை, இந்தக் கடை மோசம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பீட்சா கடையில் ஆள் வரவில்லை என்றால் ஜெகதீஸ்வரி சட்டையை மாற்றிக்கொண்டு அங்கே போய் நிற்பாள். காலையில் சிவப்பில் பார்த்தவர் மத்தியானம் பச்சையில் பார்த்துவிட்டு, "நீங்க கோழிக் கடையில இல்ல?" என்று கேட்பார்.

"அது என் தங்கச்சிங்க," என்பாள், முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல்.

இருபத்திரண்டு வருடமாக இதே பொய்தான். ஒரு சீனத் தாத்தா இதை முழுசாக நம்பி, உன்னைவிட உன் தங்கச்சிதான் நல்லாச் சிரிக்கிறாள் என்று அவளிடமே குறை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். படிப்பில் கணக்கு அவளைக் கவிழ்த்தது. இருபத்து நான்கு வயதில் கோழி பொரிக்க வந்தாள். தொழிற்சாலை பஸ் ஓட்டும் சின்னையாவைக் கட்டிக்கொண்டாள். ஒரே மகள் ரூபினி. அவள் ஏழு மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தாள். பொரித்த கோழி ஆறாமல் வைக்கிற சூட்டுப்பெட்டியைத் துடைக்கும்போதெல்லாம் ஜெகதீஸ்வரிக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகம் வரும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் கோழி சாப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள். இரண்டுமே கம்பெனிக்கு ஆகாது.

அந்த நாட்களில்தான் முருகனோடு ஓர் ஒப்பந்தம் போட்டாள். பிள்ளை பிழைக்கட்டும், அவளுக்குப் பதினெட்டு ஆகும்வரை வருடம் தவறாமல் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறேன், ஒவ்வொரு தடவையும் நாற்பத்தெட்டு நாள் விரதம். முருகன் தன் பங்கை முதல் மாதமே முடித்துவிட்டார். இவள் பதினேழு குடம் முடித்திருந்தாள். இந்தத் தைப்பூசத்தோடு கணக்கு தீரும்.

கோழிக் கடையில் வேலை செய்துகொண்டு நாற்பத்தெட்டு நாள் சைவமாக இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, புதிதாகப் பொரித்ததில் ஒரு துண்டை எடுத்து ஷிஃப்ட் மேனேஜர் ருசி பார்க்க வேண்டும். கடித்து, மென்று, விழுங்கி, தாளில் கையெழுத்துப் போட வேண்டும். துப்பக்கூடாது என்று கம்பெனி சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஷிஃப்ட் மேனேஜர் ஜெகதீஸ்வரிதான்.

அதற்கு ரொஸ்னா இருந்தாள். பினாங்குத் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண், அடுப்படியில் வேலை, வாய் ஓயாது. நோன்பு மாதத்தில் முஸ்லிம்கள் ருசி பார்க்க வேண்டாம், வேறு யாராவது பார்க்கலாம் என்று கம்பெனி சட்டத்தில் ஒரு வரி உண்டு. அந்த மாதம் முழுக்க ரொஸ்னாவின் அடுப்புக்கும் ஜெகதீஸ்வரிதான் கடிப்பாள். தைப்பூச விரதத்துக்கு அப்படி ஒரு வரி கிடையாது. வேண்டாம் என்று யாரும் நினைக்கவில்லை. யாருக்கும் நினைப்பே வரவில்லை, அவ்வளவுதான். வரி இல்லாத இடத்தில் ரொஸ்னா வாயை வைத்தாள். அவள் கடிப்பாள், ஜெகதீஸ்வரி கையெழுத்துப் போடுவாள்.

"உங்க முருகனுக்காக நான் எத்தனை கிலோ ஏறிட்டேன் தெரியுமாக்கா?"

"உன் நோன்புல நான் ஏறினத விடவா? போடி."

பதினோரு வருடம் இப்படி ஓடியது.

ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கடையில் ஒரு சின்னப் பையனின் பிறந்தநாள் விழா. இருபது பிள்ளைகள், தலையில் காகிதத் தொப்பி. அடுப்படியில் எவனோ உப்பு கலந்த மசாலாத் தூளை ஒரு தடவை போட்டு, போட்டதை மறந்து இன்னொரு தடவையும் போட்டிருந்தான். ரொஸ்னாவுக்கு அன்றைக்கு ஜலதோஷம். மூக்கு அடைத்து, நாக்கு மரத்துப்போயிருந்தது. ஒரு கடி கடித்து, "ஓக்கேக்கா" என்றாள். ஜெகதீஸ்வரி கையெழுத்துப் போட்டாள்.

பிள்ளைகளுக்குத்தான் ஜலதோஷம் இல்லை. முதல் கடியிலேயே பாதிப் பேர் அழுதார்கள். பிறந்தநாள் பையன் கேக்கின் மேலேயே துப்பினான். அவனுடைய அப்பா கோழிக்காலைத் தூக்கிப் பிடித்து, "இத பண்ணையில வளத்தீங்களா, கடல்ல பிடிச்சீங்களா?" என்று கேட்டு வீடியோ போட்டார். மறுநாள் பார்த்தால் இரண்டு லட்சம் பேர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். கோலாலம்பூர் தலைமை அலுவலகம் மட்டும் சிரிக்கவில்லை. புதன்கிழமை விசாரணை.

புதன்கிழமை காலை ரொஸ்னா சாமான் அறையில் நின்று அழுதாள்.

"நான்தான் ருசி பாத்தேன்னு சொல்லிடறேன்கா."

"சொல்லு. உன் கான்ட்ராக்ட் இந்த மாசக் கடைசியில முடியுது. அப்படியே முடிச்சு அனுப்பிருவானுங்க."

"அப்ப நீங்க?"

"நான் பெர்மனன்ட் லா. திட்டுவானுங்க, ஒரு கடுதாசி குடுப்பானுங்க. பொய்க் கையெழுத்துன்னு தெரிஞ்சாதான் ரெண்டு பேருக்கும் வேலை காலி. நீ வாய மூடு. மூக்க மட்டும் சிந்து."

விசாரணை டோனட் கடையின் மூலை மேசையில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து சித்தி ஹாஜரா என்ற மலாய்க்கார அதிகாரி வந்திருந்தார். கண் பாதி நேரம் கைப்பேசியில் இருந்தது. பக்கத்தில் ஏரியா மேனேஜர் குணாளன். பதினான்கு வருடத்துக்கு முன்னால் இதே கடைக்குப் பகுதிநேர வேலைக்கு வந்த பயல். ஏப்ரன் முடிச்சுப் போடத் தெரியாமல் நின்றவனுக்கு முடிச்சுப் போட்டுவிட்டதும், தரை துடைக்கக் கற்றுக்கொடுத்ததும் ஜெகதீஸ்வரிதான். இப்போது தானாகவே டை கட்டுகிறான். அந்த டைக்கு மேலே ஒரு மாதத்துத் தாடி. சட்டைக் காலருக்குள் ருத்திராட்ச மாலை ஒன்று ஒளிந்துகொண்டிருந்தது. தைப்பூசத்துக்குப் பதினோரு நாள் இருக்கையில் தாடியும் மாலையும் எதற்கு என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"கையெழுத்து உங்களதுதானே? ருசி பாத்தீங்களா?" என்று சித்தி ஹாஜரா மலாயில் கேட்டார்.

"பார்த்தேன்."

"அவ்வளவு உப்பு தெரியலையா?"

"எனக்கு ஜலதோஷம்," என்று ரொஸ்னாவின் ஜலதோஷத்தை வாங்கித் தன் மூக்கில் வைத்துக்கொண்டாள் ஜெகதீஸ்வரி.

எச்சரிக்கைக் கடுதாசி நீட்டப்பட்டது. அதோடு முடிந்தது என்று அவள் எழுந்திருக்கப் போனாள். சித்தி ஹாஜரா இன்னொரு ஃபாரத்தை எடுத்தார். மறுபயிற்சியாம். தவறு செய்த ஷிஃப்ட் மேனேஜர் ஏரியா மேனேஜர் முன்னிலையில் ருசி பார்த்துக் காட்ட வேண்டும். இரண்டு பேரும் ஒரே தட்டில் கடித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

தட்டு வந்தது. ஒரு கோழிக்கால், ஆவி பறக்க.

ஜெகதீஸ்வரி குணாளனைப் பார்த்தாள். "தம்பி, பூசம் முடியட்டும். மறுநாளே வந்து பத்துத் துண்டு சாப்பிட்டுக் காட்டறேன்."

குணாளன் அந்தம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, விரதம்னு சொன்னா அன்னிக்கு எப்படிச் சாப்பிட்டீங்கன்னு கேப்பாங்க. அப்புறம் யாரு சாப்பிட்டதுன்னு கேப்பாங்க. சும்மா ஒரு கடி. ஃபார்மாலிட்டி."

ஆக, அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ரொஸ்னா உட்பட.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரொஸ்னா கோழிக் கடை முகப்பில் நின்று, துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தேழாம் நாள். ஜெகதீஸ்வரி கடித்தாள். மென்றாள். விழுங்கினாள். உப்பு சரியாக இருந்தது, தோல் மொறுமொறுவென்று இருந்தது. நாக்கில் அவளைக் கேட்காமலே எச்சில் ஊறியது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

குணாளன் தட்டைத் தொடவில்லை. சித்தி ஹாஜரா கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் "ருசி பார்க்கப்பட்டது" என்ற இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டான். எந்தத் தப்புக்காக அவளை உட்கார வைத்திருந்தார்களோ அதே தப்பை, அதே மேசையில், அவள் கண் முன்னாலேயே செய்தான். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை குணாளனை நனைத்துவிட்டு நேராக ரொஸ்னாவிடம்தான் போய் நிற்கும். விழுங்கியதோடு சேர்த்து அதையும் விழுங்கினாள்.

வீட்டில் ரூபினி விஷயத்தைக் கேட்டுவிட்டு, எப்போதும் அடிக்கும் கிண்டலை அன்றைக்கு அடிக்கவில்லை.

"நீ ஆசைப்பட்டா சாப்பிட்ட? முருகனுக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும். எச்சி ஊறினதும் தெரியும்."

"வேலையில சாப்பிட்டது உன் தங்கச்சின்னு சொல்லிடேன்."

ஜெகதீஸ்வரிக்குச் சிரிப்பு வருவது மாதிரி இருந்தது, வேறென்னவோ வந்தது. துலக்கி வைத்திருந்த பித்தளைக் குடத்தை எடுத்து அலமாரி மேல் கவிழ்த்து வைத்தாள். மீதிப் பதினோரு நாளும் சைவமாகவே இருந்தாள். எதற்கு என்று சின்னையா கேட்டதற்கு, பழக்கம் என்றாள்.

பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு கம்பெனியிலிருந்து குழுச் செய்தி வந்தது. சமுதாயத்தின் மேல் கம்பெனிக்குத் திடீரென்று அன்பு பொங்கியிருந்தது. உப்புக்கோழி வீடியோவுக்குப் பிறகு பொங்கத்தானே வேண்டும். ஓஓ டோனட் பெயரில் தண்ணீர்மலைச் சாலையில் தண்ணீர்ப் பந்தல். முட்டை கலக்காத டோனட், ரோஜாப் பானம். தமிழ் ஊழியர்கள் ஊதாச் சட்டையில் வர வேண்டும். பெயர்ப் பட்டியலில் முதல் பெயர் ஜெகதீஸ்வரி.

தைப்பூசத்தன்று வெயில் ஏறிய நேரம், ஊதாச் சட்டையும் அதே பெயர் வில்லையுமாகப் பந்தலில் நின்றாள். ரொஸ்னா விடுப்பு நாளிலும் வந்து ஐஸ் கட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. மஞ்சள் சேலைகள் வரிசையாகப் போயின. பதினேழு வருடமும் கூட நடந்த பெண்களில் ஒருத்தி குடத்தோடு நின்றாள்.

"என்ன ஜெகா, குடம் எடுக்கல? இதோட முடியுதுன்னு சொன்ன?"

"டூட்டிக்கா," என்றாள். அந்தப் பெண்ணின் கால்களுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

அடுத்து உறுமியும் கூச்சலுமாக ஒரு காவடி வந்தது. மயிலிறகும் அட்டைக் கோபுரமுமாகப் பெரிய காவடி. பந்தலுக்கு நேராக வந்து நின்றது. கம்பெனியின் படக்காரர் குனிந்து ஓடி வந்தார். காவடிக்குக் கீழே குணாளன். கன்னத்தில் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வந்த அலகு. உடம்பெல்லாம் திருநீறு. நாற்பத்தெட்டு நாளும் கலையாத விரதம்.

ஜெகதீஸ்வரி ஜாடியைத் தூக்கிக்கொண்டு அவன் எதிரே போனாள்.

"அன்னிக்கும் விரதம்தானே தம்பி?"

அலகு குத்திய வாய் பேச முடியாது. கண் மட்டும் அவளைப் பார்த்துவிட்டு, பார்க்க முடியாமல் காலடித் தாருக்கு இறங்கியது. கால் விரல்களை மடக்கி மடக்கி நின்றான். தார் கொதித்துக்கொண்டிருந்தது. ரொஸ்னா ஐஸ் உடைப்பதை நிறுத்தினாள். ஒரு ஜாடித் தண்ணீரை வைத்துக்கொண்டு மேலே கேட்கலாம், கேட்காமலே நிற்கலாம். பின்னால் உறுமிக்காரன் "ஊத்துங்கக்கா, சூடு!" என்று கத்தினான்.

ஊற்றினாள். முதலில் இடது கால், அப்புறம் வலது. ஜாடி காலியாகும்வரை ஊற்றினாள். ஏப்ரன் முடிச்சுப் போடத் தெரியாத பயலின் கால்தான், கொப்புளம் போட்டிருந்தது.

மறுநாள் கம்பெனிப் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. மயிலிறகு, குணாளன், ஊதா நிறப் பெயர்ப்பலகை, ஓரத்தில் ஜாடியைப் பிடித்த ஒரு கை. "நாங்கள் ஒரே குடும்பம்" என்று மேலே எழுதியிருந்தார்கள். ரொஸ்னா அதை அனுப்பி, இது உங்க கைதானேக்கா என்று கேட்டிருந்தாள்.

ஜெகதீஸ்வரி அப்போது சிவப்புச் சட்டையில் அடுப்படியில் நின்றாள். பத்து மணித் துண்டு ஆவி பறக்கத் தட்டில் இருந்தது. இனி விரதம் இல்லை, தானே கடிக்கலாம். கடிக்காமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்துப் பதில் போட்டாள்.

"என் தங்கச்சி."